தண்டவாளத்தின் அருகே ஒரு வகுப்பறை
(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். கல்வியின் பெருமையை இம்மேடையில் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கூலியில் மிச்சம் பிடித்துச் சந்தா கட்டி இச்சங்கத்தை நடத்தி வருகின்ற உங்களுக்கு அதனை நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆகையால், சென்ற ஆண்டு இச்சங்கத்தின் பணத்தைக் கொண்டு நாம் செய்த ஒரு செலவுக்குக் கணக்கு ஒப்புவிப்பதே முறை என்று கருதுகிறோம். அது பதினாறாயிரம் ரூபாய்ச் செலவு. அதன்மீது ஒரு குற்றச்சாட்டும் இருந்தது.

நம் பள்ளியில் பயிலும் இப்பகுதிப் பிள்ளைகள் இருபத்து மூவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று, ஐ.சி.எஃப். தொழிற்சாலையை அடுத்துள்ள வட்டார இரயில் அருங்காட்சியகத்தைக் காட்டி வரலாம் என்று செயற்குழுவில் நாம் கேட்டோம். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “ஐயா, இந்தப் பணத்துக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க நாப்பது பேருக்கு வழிகாட்டி நூல் வாங்கித் தரலாம். இவங்க படிக்கப் போறாங்களா, வேடிக்கை பாக்கப் போறாங்களா?” என்று கேட்டார். அவர் தம் இரு மக்களையும் கல்லுடைத்துப் படிக்க வைத்தவர். அவருடைய கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. செயற்குழு நம்மீதுள்ள மதிப்பால் இசைந்ததேயன்றி, நம் வாதத்தில் உண்மை கண்டு இசையவில்லை. அந்த விடையைத்தான் இன்று சொல்ல முயல்கிறோம். இருபத்து மூவரைப் பற்றியும் சொல்ல நேரமில்லை. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்வோம்.

செங்கம் சாலையில் இரமணாசிரமத்தைத் தாண்டி உள்ளே திரும்பினால் வருகின்ற நம் குடியிருப்பில் அச்சிறுமியின் வீடு இருக்கிறது. தாயார் அப்பகுதி விடுதி ஒன்றில் துணி துவைக்கும் வேலை செய்கிறார். தந்தையார் கட்டட வேலைக்குப் பெங்களூர் போனால் மாதம் ஒருமுறை வருவார். கணக்கு என்றால் அப்பெண்ணுக்கு அச்சம். அரையாண்டுத் தேர்வில் நூற்றுக்கு இருபத்து மூன்று வாங்கினாள். எட்டாம் வகுப்போடு நிறுத்தித் திருப்பூருக்குப் பனியன் வேலைக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு வீட்டில் நடந்துகொண்டிருந்தது. நம் பள்ளியில் இது புதிய செய்தியன்று. ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் இத்தகைய பெயர்கள் சிலவற்றை வருகைப் பதிவேட்டிலிருந்து அடிக்கிறோம்.

அருங்காட்சியகம் 2002-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மரங்களுக்கு இடையே துண்டுத் தண்டவாளங்களின்மீது பழைய நீராவி எஞ்சின்களும் பெட்டிகளும் நிற்கின்றன. அருகிலேயே 1955-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் பண்டித நேரு தொடங்கிவைத்த பெட்டித் தொழிற்சாலை. சுவிட்சர்லாந்து நாட்டாரின் துணையோடு தொடங்கிய அத்தொழிற்சாலையிலிருந்துதான் 2018-இல் முதல் ‘வந்தே பாரத்’ வண்டி வெளிவந்தது. பிள்ளைகள் முதலில் ஓடியது சிறுவர்க்கான பொம்மை இரயிலுக்கே என்பதை மறைக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் அவர்களை அடக்க முடியவில்லை. நம்முடன் வந்த ஆசிரியைக்குத் தலைவலியே வந்துவிட்டது.

பின்னர் ஒவ்வொரு குழுவிடமும் ஒரு சணற்கயிற்றையும் ஓர் அளவுகோலையும் கொடுத்து, “எந்தச் சக்கரம் கைக்கு எட்டுகிறதோ அதன் சுற்றளவையும் குறுக்களவையும் எடுங்கள்” என்றோம். எடுத்து வந்த எண்களை வகுத்துப் பார்த்தபோது எல்லாக் குழுவினருக்கும் மூன்றும் சிறிது மிச்சமும் வந்தது. பெரிய சக்கரத்திற்கும் அதே விடை. சிறிய சக்கரத்திற்கும் அதே விடை. ஏழில் இருபத்திரண்டு என்று நாம் கரும்பலகையில் எழுதிப் போட்டதை ஓராண்டாக உருப்போட்டவர்கள், அது ஒரு சக்கரத்திலிருந்து வருகின்ற எண் என்பதை அன்றுதான் கண்டார்கள். நம் சிறுமி மும்முறை அளந்தாள். மூன்றாம் முறையும் அதே விடை வரவே, தன் குறிப்பேட்டில் அதற்கு இரண்டு கோடுகள் போட்டாள்.

அடுத்து அவள் செய்த செயலே இவ்வுரைக்குக் காரணம். மீட்டர் பாதைப் பெட்டி ஒன்று நின்ற தண்டவாளத்தின் குறுக்கே அளவுகோலை வைத்து உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புவரை அளந்துவிட்டு, “ஐயா, சரியா ஒரு மீட்டர் இருக்குது. எங்க தாத்தா ‘மீட்டர் கேஜு, மீட்டர் கேஜு’ன்னு சொல்லுவாரே, அது இதுதானா?” என்று கேட்டாள். அவளுடைய தாத்தா இரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து கீமேனாக ஓய்வு பெற்றவர் என்பதே நமக்கு அப்போதுதான் தெரியும். அதே தெருவைக் கடந்துதான் நாம் பதினோரு ஆண்டுகளாகப் பள்ளிக்குப் போய் வருகிறோம்.

அதற்குள் அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். எஞ்சின்களின் பக்கத்தில் உலோகப் பட்டயங்கள் பதித்திருப்பார்கள். எந்த ஆலை செய்தது, எந்த ஆண்டு செய்தது என்பன அவற்றில் இருக்கும். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருந்த ஆலைகளிலிருந்தே அக்காலத்தில் நம் நாட்டுக்குப் பெரும்பாலான எஞ்சின்கள் வந்தன. ஆங்கிலப் பாடமாக இருக்கட்டும் என்று அவற்றைப் படிக்கச் சொல்லியிருந்தோம். எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தவள், “எஞ்சின் செஞ்சவங்க பேரு இருக்குது. தண்டவாளம் போட்டவங்க பேரு எங்க இருக்குது ஐயா?” என்றாள்.

நண்பர்களே, நாம் பி.ஏ. பட்டத்திற்கு வரலாறு படித்தவர்கள். 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயிலிருந்து தானாவுக்கு முதற்பயணிகள் வண்டி ஓடியது. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னாட்டின் முதல் வண்டி ஓடியது. அதற்கும் முன்னரே 1837-இல் சாலை போடுவதற்கான கல்லைச் சுமந்துவரச் செங்குன்றம் பகுதியில் ஓர் இருப்புப்பாதை இருந்தது. இவையெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆயின், அவள் கேட்டதற்கு விடை அவற்றில் இல்லை. மண் வெட்டிக் கரை எழுப்பியவர்களும், கல் உடைத்துச் சரளை பரப்பியவர்களும், மரம் அறுத்துக் குறுக்குக்கட்டை சுமந்தவர்களும் ஒப்பந்தக் கூலிகளாக வந்து கூலிகளாகவே போனார்கள். சென்னை இரயில்வே தொடக்கக் காலத்தில் நிலக்கரியைவிட விறகையே மிகுதியாக எரித்தது. அவ்விறகை வெட்டிச் சுமந்த கைகளும் பதிவேட்டில் இல்லை. “அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லையம்மா” என்று மட்டுமே நம்மால் சொல்ல முடிந்தது. அவள் நம்மை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். பிறகு பார்த்தபோது, “தாத்தாவைக் கேக்கணும்” என்று எழுதியிருந்தாள்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் நாமே அவ்வீட்டுக்குச் சென்றோம். பெரியவர் எண்பதை நெருங்குபவர். நம்மைக் கண்டதும் எழுந்து நின்றுகொண்டார். எவ்வளவு சொல்லியும் உட்கார மறுத்தார். தாம் செய்த வேலையைப் பற்றிக் கேட்டபோது, “சுத்தியல் அடிச்ச வேலைங்க ஐயா, அதுல சொல்ல என்ன இருக்குது” என்றார். முப்பத்தாறு ஆண்டுகள் அவ்வேலையைச் செய்தவர். பேத்தி விடவில்லை. பள்ளிக்கு வந்து பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று அவளும் நாமும் கேட்டு, இருமுறை மறுத்து, மூன்றாம் முறை இசைந்தார். வகுப்பறையில் நாற்காலி போட்டிருந்தும் அதன் விளிம்பில்தான் உட்கார்ந்தார்.

ஆனால், பேசத் தொடங்கியபின் அவர் வேறு மனிதராகிவிட்டார். நம் ஊர் வழியாகச் செல்லும் விழுப்புரம்–காட்பாடிப் பாதை இந்நூற்றாண்டில்தான் அகலப் பாதையாயிற்று. அதுவரை மீட்டர் பாதையாகவே இருந்தது. அதில் தம் பங்குக்குரிய தொலைவைக் காலை விடியுமுன் சுத்தியலும் ஸ்பானருமாக நடந்து, தளர்ந்த ஆப்பை அடித்து, கழன்ற போல்டை முடுக்கி வருவது கீமேனின் வேலை. மீட்டர் பாதையில் ஒரு தண்டவாளத்தின் நீளம் 12 மீட்டர். அகலப் பாதையில் 13 மீட்டர். இரண்டு தண்டவாளங்கள் சேருமிடத்தில் இடைவெளி விட்டிருப்பார்கள். “அந்தச் சந்து மாசியிலே ஒரு அளவு, கத்திரியிலே ஒரு அளவுங்க. விடியக்காலையிலே பாத்தா விரலு நகம் நுழையும். மத்தியானம் பாத்தா மூடியிருக்கும்” என்றார்.

வெப்பத்தால் உலோகம் விரிவடையும் என்று இருபத்தெட்டு ஆண்டுகளாக நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அன்று கரும்பலகையில் கணக்காகவே போட்டோம். எஃகு ஒரு பாகை வெப்பத்திற்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு நீளும். விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் தண்டவாளத்தின் வெப்பம் 35 பாகை வேறுபட்டால், 12 மீட்டர் தண்டவாளம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். “நகம் நுழையும்” என்று பெரியவர் சொன்னதும் இக்கணக்கும் ஒன்றே. விடை வந்ததும் வகுப்பு முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

வண்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டே அதன் வேகத்தைச் சொல்லலாம் என்றும் அவர் கூறினார். சக்கரம் ஒவ்வொரு சந்தையும் தாண்டும்போது ‘கடக்’ என்னும் ஒலி எழும். அவ்வொலியை எண்ணி, தம் பழக்கத்தால் வேகத்தைச் சொல்லிவிடுவார். அதற்குரிய கணக்கைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். இரண்டு நாள் ஆயிற்று. 12 மீட்டர்த் தண்டவாளமாயின் 43 விநாடிகளில் எத்தனை ஒலி கேட்கிறதோ, அத்தனை கிலோமீட்டர் மணிக்கு வண்டி ஓடுகிறது. 13 மீட்டராயின் 47 விநாடிகள் எண்ண வேண்டும். விடை கண்ட மூவரில் நம் சிறுமியும் ஒருத்தி. இக்காலத்தில் தண்டவாளங்களை நெடுந்தொலைவுக்குப் பற்றவைத்து, விரிய விடாமல் குறுக்குக்கட்டையாலும் சரளையாலும் இறுக்கிப் பிடித்துவிடுகிறார்கள். ஆதலால், அந்த ஒலி பெரும்பாலும் மறைந்துபோயிற்று. “அதான் இப்ப வண்டியிலே தூக்கம் வருது” என்று பெரியவர் சொல்லவே பிள்ளைகள் சிரித்தார்கள்.

வளைவில் வண்டி எவ்வாறு தடம் பிறழாமல் திரும்புகிறது என்பதற்கு அவர், “சக்கரம் தட்டையா இருக்காதுங்க, சரிவா இருக்கும்” என்றார். தேநீர்க் கடையின் காகிதக் குவளைகள் இரண்டை வாயோடு வாய் வைத்து ஒட்டி, இணையாகச் சாய்த்து வைத்த இரண்டு குச்சிகளின்மேல் உருட்டினோம். எப்பக்கம் விலகினாலும் அது தானே நடுவுக்கு வந்தது. அடிகளை ஒட்டிச் செய்த மற்றொன்று உடனே கீழே விழுந்தது. இச்சோதனைக்கு ஆன செலவு இரண்டு ரூபாய்.

தேசப்படப் பாடத்திற்கு நம் ஊரிலேயே ஒரு கதை உண்டு. இரமணர் 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், பதினாறு வயதுப் பள்ளி மாணவராக, மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டவர். தம் வீட்டிலிருந்த பழைய தேசப்படத்தைப் பார்த்துத் திண்டிவனமே அண்மையிலுள்ள நிலையம் என்று முடிவு செய்து, அவ்வூருக்கு 2 ரூபாய் 13 அணா கொடுத்துச் சீட்டு வாங்கினார். விழுப்புரம்–காட்பாடிப் பாதை அப்போது திறந்தாயிற்று. திருவண்ணாமலைக்கே நிலையம் இருந்தது. படம் பழையதாகையால் அதில் அப்பாதை இல்லை. வண்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் அவர் உண்மையை அறிந்து விழுப்புரத்தில் இறங்கினார். அங்கிருந்து கையிலிருந்த காசு மாம்பழப்பட்டுவரையே போதியது; பின்னர் நடந்தார். பழைய படத்தை நம்பிய பிள்ளைக்கு வழிப்போக்கர் ஒருவர் திருத்தம் சொன்ன கதை இது. எடுத்துவந்த 3 ரூபாயில் சீட்டுக்குப் போக மிச்சம் எத்தனை அணா என்று கேட்டோம். ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதையே முதலில் சொல்ல வேண்டியிருந்தது. நூற்றால் அன்றிப் பதினாறால் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு பிள்ளைகளுக்குப் பெரிய வேடிக்கையாயிற்று.

இளைஞர்கள் கேட்க வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. புகைவண்டி சாதியை ஒழித்துவிட்டது என்று மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. நாம் அவ்வளவு எளிதாக அதனை ஒப்பமாட்டோம். அண்ணல் அம்பேத்கர் 1901-ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஒன்பது வயதுச் சிறுவராக, தம் தமையனுடனும் உறவுச் சிறுவருடனும் தந்தையாரைக் காண மசூர் நிலையத்திற்கு வண்டியில் சென்றார். வண்டி அவர்களை ஏற்றிச் சென்றது, சாதி கேட்கவில்லை. இறங்கிய பின்புதான் கேட்டார்கள். நல்ல உடையணிந்த பிள்ளைகள் மகார் சாதியினர் என்று அறிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறியது. மாட்டுவண்டிக்காரர் ஒருவரும் ஏற்றிச்செல்ல முன்வரவில்லை. இரட்டைக் கூலி தருவதாகவும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்வதாகவும் சொன்ன பிறகே ஒருவர் இசைந்தார். நம் மாகாணத்தில் இரயில் நிலைய உணவுவிடுதிகளில் பார்ப்பனருக்குத் தனியிடம், ஏனையோர்க்குத் தனியிடம் என்று இருந்த வழக்கம் பெரியார் முதலியோரின் நெடிய எதிர்ப்புக்குப் பின் 1941-இல்தான் ஒழிந்தது. இவற்றைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னோம்.

அதே இருப்புப்பாதைதான் நம் முன்னோர் பலரை ஊர்ப் பண்ணையிலிருந்து கோலார்த் தங்கவயலுக்குக் கொண்டுசேர்த்தது என்பதையும் சொன்னோம். வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து சென்றவர்கள் அங்கே மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை சுரங்கத்தில் இறங்கினார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற அச்சுரங்கத்தில் அவர்களுக்குக் கிடைத்தவை ஒருபுறம் கூலியும், மறுபுறம் கல்தூசியால் அரித்த நுரையீரலும் ஆகும். பண்டிதர் அயோத்திதாசரின் இயக்கத்திற்குத் தோள் கொடுத்த ஊர்களில் மாரிக்குப்பமும் ஒன்று. படிப்பகமும் பள்ளியும் வேண்டும் என்ற எண்ணத்தை விடுமுறையில் ஊர் திரும்பிய அத்தொழிலாளர்கள் தம்மோடு கொண்டுவந்தார்கள். தங்கவயல் 2001-இல் மூடப்பட்டது. இந்த அரங்கில் இருப்போரில் எத்தனை குடும்பங்களுக்குத் தங்கவயலில் உறவு உண்டு என்பதை நாம் கேட்க வேண்டியதில்லை.

இனிக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். அச்சிறுமி முழு ஆண்டுத் தேர்வில் கணக்கில் நாற்பத்தொன்று எடுத்தாள். எண்பது எடுத்தாள் என்று சொல்ல நமக்கும் ஆசைதான், ஆனால் நாற்பத்தொன்றுதான். அறிவியலில் அறுபத்தேழு. ஆங்கிலத்தில் முன்பு போலவே தேறவில்லை. உடன் வந்த இருபத்து மூவரில் எட்டுப் பேருக்கு அப்பயணம் பொம்மை இரயிலோடு முடிந்துவிட்டது என்பதையும் ஒத்துக்கொள்கிறோம். முன்கூட்டி ஒரு வாரம் அவர்களை ஆயத்தம் செய்திருக்க வேண்டும். அது நம் குறை.

திருப்பூர்ப் பேச்சு என்னாயிற்று என்று கேட்பீர்கள். சித்திரையில் தாயார் பள்ளிக்கு வந்தார். மாற்றுச் சான்றிதழ் கேட்கத்தான் வருகிறார் என்று நாம் அஞ்சினோம். அவர் வந்தது வேறொன்றுக்கு. “மாமனாரு தினம் ராத்திரி அவளை உக்கார வெச்சுக் கணக்கு கேக்குறாரு ஐயா. அவருக்கு எழுதத் தெரியாது. அவ சொல்லச் சொல்ல, சரியா தப்பான்னு எப்படியோ கண்டுபிடிக்கிறாரு. பத்தாவதுவரைக்கும் போவட்டும்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் பாக்கலாம்” என்றார். பத்தாம் வகுப்புக்குப் பின் என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை. அது அக்குடும்பத்தின் வருவாயைப் பொறுத்தது. இச்சங்கத்தின் உதவித்தொகையையும் பொறுத்தது.

செயற்குழுவில் அன்று நம்மைக் கேள்வி கேட்ட மூத்த உறுப்பினர் இதோ முன்வரிசையில் இருக்கிறார். வழிகாட்டி நூல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்கும் இவ்வாண்டு பணம் ஒதுக்குங்கள். ஆனால், அவரிடம் ஒன்று கேட்கிறோம். அவர் நாற்பதாண்டுகள் கல் உடைத்தவர். எந்தக் கல் எப்படிப் பிளக்கும், உளியை எங்கே வைத்தால் பாளம் நேராக விழும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் வந்து சொல்ல வேண்டும். பாறைகளைப் பற்றிய பாடம் ஆடி மாதத்தில் வருகிறது. நாற்காலி தயாராக இருக்கும்.

பிள்ளைகள் எழுதிய குறிப்பேடுகள் இருபத்து மூன்றும் சங்கப் படிப்பகத்தில் மேசைமேல் வைக்கப்பட்டுள்ளன. நம் சிறுமியின் குறிப்பேட்டில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். தாத்தாவிடம் கேட்டுக் கேட்டு, அவருடன் ஒரே கேங்கில் வேலை செய்த பதினான்கு பேருடைய பெயர்களை அவள் எழுதியிருக்கிறாள். இரண்டு பெயர்கள் தாத்தாவுக்கு நினைவில்லை. அந்த இரண்டு வரிகளையும் வெற்றாகவே விட்டிருக்கிறாள். உங்களில் யாருக்கேனும் தெரிந்தால் எழுதிக் கொடுங்கள்.